கரட்டுல கரண்ட்டை நிறுத்துனது நான்தான்

இந்த சீட்டுக்கு ஆள் வருதா கண்ணு? வரலையா? கொஞ்சம் அக்கட்ட நகந்துக்க. பொள்ளாச்சி வரைக்கும் பஸ்ஸுல நின்னுட்டு வர என்ற முட்டிக்குத் தெம்பில்ல.

டீ-ஷர்ட்ல 'கரடு'ன்னு போட்டிருக்கு. கரட்டுப் பாட்டு விழாவுக்குப் போயிட்டு வர்றியா? கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, தலையெல்லாம் செம்மண்ணு. கேக்கவே வேண்டியதில்ல.

என்னைப் பார்த்த மாதிரி இருக்கா? இருக்கும். நேர்ல பார்த்திருக்க மாட்டே, போன்ல பார்த்திருப்பே. போன வருசம் ஒரு வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சே, 'ஜெனரேட்டர் ஆன்ட்டி'ன்னு. ஒரு பொம்பளை ஜெனரேட்டர் வண்டிக்கிட்ட போவா, கையத் தூக்குவா, அதோட எல்லாம் இருட்டாயிரும். பின்னாடி ஒருத்தன் கெட்ட வார்த்தையில திட்டுவான். அந்தப் பொம்பளை நான்தான். பேரு கிளாடிஸ். ஊரு போத்தனூரு. ரயில்வே பார்சல் ஆபீஸ்ல வேலை பார்த்து போன மாசம்தான் ரிட்டயர் ஆனேன். எந்திரிச்சுப் போகாத. கடிக்க மாட்டேன்.

எனக்கு உடுமலையில ஒரு வீட்டு விசேஷம், அதுக்கு வந்தேன். விழாவுக்கு வரல. அங்க என்னை உள்ள விட மாட்டாங்க. வாசல்ல நிக்கற செக்யூரிட்டி அத்தனை பேர்கிட்டயும் என்ற போட்டோ இருக்குதாம். இருக்கட்டுமே. நான் கட்டுன வீட்டுக்கு எனக்கே தடை. அதுக்கெல்லாம் நான் கோபப்படல. எனக்குக் கோபமே கிடையாது கண்ணு. ஆனா நடந்தது என்னன்னு யாராவது கேட்டா சொல்லுவேன். கேக்கலைன்னாலும் சொல்லுவேன்.

நீ பொறக்கறதுக்கு முன்னாடி கதை. எங்கப்பா ரயில்வேயில கார்டு. போத்தனூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல சனிக்கிழமையானா பேண்ட் வாசிப்பாங்க. டிரம்ஸ் வாசிச்ச அங்கிள் ஊரை விட்டுப் போறப்ப அந்த செட்டை எங்கப்பாகிட்ட குடுத்துட்டுப் போனாரு. எனக்கு மூத்தவங்க ரெண்டு அண்ணனுங்க. ரெண்டு பேருக்கும் தாளம் நிக்கல. எனக்கு நின்னுச்சு. பொம்பளப் புள்ள காலை அகட்டி உக்காந்து வாசிக்குதுன்னு சர்ச்சுல எல்லாரும் பேசுனாங்க. பேசட்டும்னு நான் வாசிச்சேன்.

தனபால் இஞ்சினியரிங் காலேஜ்ல படிச்சிட்டிருந்தான். செங்கரட்டூர்க்காரன். நீ நேத்து நின்னியே அந்த மண்ணு, அது அவங்கப்பாவோட பூமி. வாரத்துக்கு ரெண்டு நாள் கிட்டாரைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வருவான். நாங்க நாலு பேரு சேந்து 'போத்தனூர் ஜங்ஷன்'னு ஒரு பேண்ட் வெச்சோம். ராக். வேற எதுவும் வாசிக்க மாட்டோம். அதனால எங்களை எவனும் கூப்பிட மாட்டான். கல்யாண வீட்ல கூப்பிட்டு சினிமாப் பாட்டு வாசிங்கம்பான், நாங்க சாமானைக் கட்டிட்டு வந்துருவோம். இப்படியே பல வருசம் ஓடுச்சு. கடைசியா ஒரு காலேஜ் விழாவுல ரெண்டாவது பாட்டுல வயரைப் பிடுங்கிட்டாங்க. அப்பத்தான் தனபால் சொன்னான்: "கிளாடி, எங்கப்பன் பூமி ஒண்ணு சும்மா கெடக்குது. வெறும் பாறை. சோளம்கூட மொளைக்காது. அங்க வாசிச்சா யாரு வந்து பிடுங்குவா?"

கரடுன்னா தெரியும்ல? பாறைக்குன்று. ராக்குனாலும் பாறைதானே. பேரு அப்படித்தான் வந்துச்சு. வெச்சது நான். தனபால் பேட்டியில எல்லாம் அவன் வெச்சதாச் சொல்லுவான். சொல்லிட்டுப் போறான்.

முதல் வருசம் தை மாசம். டிராக்டர் டிரெய்லர்தான் மேடை. மைக்செட்டு உள்ளூர்ல காதுகுத்துக்குக் கட்டறவரோடது. கூம்பு ஸ்பீக்கர் ரெண்டு. நான் பாஸ் டிரம்மை மிதிச்சா டிரெய்லர் முன்னாடி நகரும், சக்கரத்துக்குக் கல்லு வெச்சோம். எங்க சிநேகிதங்க ஒரு கும்பல் வந்துச்சு, ஊர்க்காரங்க ஒரு கும்பல் வந்துச்சு. யாரு வீட்ல சாவுன்னு பார்க்க வந்தாங்களாம். மூணாவது பாட்டுல சாவில்லைன்னு தெரிஞ்சும் போகல, உக்காந்துட்டாங்க. தனபாலோட அம்மா எல்லாருக்கும் தக்காளிச் சோறு ஆக்கிப் போட்டாங்க. அந்த மாதிரி ஒரு சாயந்திரம்... விடு. அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது.

அடுத்தடுத்த வருசம் கூட்டம் பெருகுச்சு. பெங்களூர்ல இருந்து வந்தாங்க, கொச்சியில இருந்து வந்தாங்க, அஸ்ஸாம்ல இருந்து மூணு ராத்திரி ரயில்ல உக்காந்து ஒரு பேண்ட் வந்துச்சு. முடி நீளமா வெச்ச பசங்களைப் பார்த்து போலீஸ் ஒவ்வொரு பையா அவுத்துப் பார்த்தாங்க. ஒருத்தன் பையில இருந்து அவங்கம்மா குடுத்துவிட்ட எள்ளுருண்டையை எடுத்து மோந்து பார்த்துட்டு, அவங்களே தின்னுட்டாங்க. படுக்கறது பாறை மேல, குளிக்கறது வாய்க்கால்ல. பணம் கிடையாது, டிக்கெட் கிடையாது. யாரு வாசிக்கறா, யாரு கேக்கறான்னு வித்தியாசம் கிடையாது. வாசிச்சு முடிச்சவன் எறங்கி வந்து மண்ணுல உக்காந்துக்குவான்.

டிக்கெட்னு ஒண்ணைக் கொண்டுவந்தது தனபால்தான். அதை எங்க வேணாலும் சொல்லுவேன். நான் கக்கூஸ் மட்டும்தான் கேட்டேன். அத்தனை ஆம்பளை மத்தியில பொம்பளைப் புள்ளைக எங்க போகும்? இருட்டட்டும்னு பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருக்கும். "பொம்பளைகளுக்குத் தனியா கக்கூஸ் கட்டு, வாசல்ல லைட்டுப் போடு, காவலுக்கு ஆள் போடு, இல்லாட்டி நான் வாசிக்க மாட்டேன்"ன்னு சொன்னேன். கட்டுனான். கட்டுறதுக்கு டிக்கெட் போட்டான். டிக்கெட் போட்டதும் வேலி கட்டுனான். வேலி கட்டுனதும் வாசல் வந்துச்சு, வாசல் வந்ததும் அது மேல குளிர்பானக் கம்பெனி போர்டு வந்துச்சு. எல்லாம் அவன் பண்ணுன வேலை. நான் கேட்டது கக்கூஸ் மட்டும்தான்.

ஆனா அடுத்த வருசம் பொம்பளைப் புள்ளைக கூட்டமா வந்துச்சு, அதையும் சொல்லணும். முதல் வரிசை முழுக்க அவளுகதான்.

அப்புறம் ஒரு வருசம், பரணின்னு ஒரு பையன் வந்தான். பேண்ட் பேரு 'ஊதல்'. ஆமா, அவனேதான். நீ நேத்து கேட்டிருப்பியே, அவன்தான். அப்ப அவனை யாருக்கும் தெரியாது. பரம்பரையா நாதஸ்வரம் வாசிக்கற குடும்பம். பின்னாடி கிட்டார், டிரம்ஸ், முன்னாடி இவன் நாதஸ்வரத்தைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கறான். நான்தான் அந்த வருசம் மேடைப் பொறுப்பு. ஒரு பாட்டு கேட்டேன், மேடைக்குப் போய் மைக்கை வாங்கி, "தம்பி, நல்லா வாசிக்கறே. ஆனா இது ராக் இல்ல. இது கல்யாண மண்டபம் இல்ல. எறங்கிக்க"ன்னு சொல்லிட்டேன். எறங்கிட்டான். கூட்டத்துல பாதி கை தட்டுச்சு, பாதி கத்துச்சு. அதுல தப்பே இல்ல. ஒரு இடம்னா அதுக்குன்னு ஒரு காவல் வேணும். கண்டதையும் உள்ள விட்டா அது கரடு இல்ல, பொருட்காட்சி. சொன்ன மாதிரியேதான் ஆச்சு, பார்த்தியல்ல? இப்ப அங்க பேய் வீடும் ராட்டினமும்தான் பாக்கி.

தனபால் என்ன பண்ணுனான்? பின்னாடி போய் அந்தப் பையன்கிட்ட நம்பர் வாங்கி வெச்சுக்கிட்டான். ரெண்டு வருசம் கழிச்சு மறுபடி கூட்டிட்டு வந்து மேடை ஏத்துனான். அதுக்கப்புறம் பரணி எங்கயோ ஒசரத்துக்குப் போயிட்டான். சந்தோசம். நான் ஏன் வயிறு எரியணும்?

விழா வளந்த கதை உனக்கே தெரியும். சென்னையில இருந்து ஒரு கம்பெனி வந்து பாதியை வாங்கிக்கிச்சு. மேடை எங்க ஊர் ரயில்வே ஸ்டேஷன் ஒசரம் ஆச்சு. ரெண்டு பக்கமும் சினிமாத் திரை மாதிரி எல்.இ.டி. சுவரு. முன்னாடி ஒரு வெள்ளைக் கூடாரம், உள்ள சோபா. எங்க பாறை மேல சோபா! அதுல உக்காந்திருக்கறவன் மேடைக்கு முதுகைக் காட்டிட்டு போட்டோ எடுத்துக்கறான். வாசிக்கறதும் மாறிப் போச்சு. ராப்பு, டிஜே, சினிமாப் பாடகருங்க. ராக்குன்னு பேரு மட்டும் போஸ்டர்ல. எங்க பேண்டுக்கு முதல்ல சாயந்திரம் குடுத்துட்டிருந்தாங்க. அப்புறம் மத்தியானம் ஆச்சு. அப்புறம் சின்ன மேடை. ஒரு வருசம் பிரியாணிக் கடைக்குப் பக்கத்துல வாசிச்சோம். "ஒரு லெக் பீஸ்"னு அவன் கத்தறான், நான் தாளம் போடறேன்.

இருந்தும் விடாம போனேன். எல்லா வருசமும்.

போன வருசம் வெள்ளி விழா. தனபால் வீட்டுக்கே வந்து சொன்னான், "கிளாடி, பெரிய மேடை. பொழுது சாயற நேரம். போத்தனூர் ஜங்ஷன். ஒரு மணி நேரம்." நான் செட்டுக்குப் புதுத் தோல் மாத்துனேன். தனபால் கிட்டாரை விட்டு வருசக்கணக்காச்சு, மத்த ரெண்டு பழைய ஆளுகளைத் தேடிப் பிடிச்சேன். ஒருத்தன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கான், இன்னொருத்தன் சர்க்கரை வியாதிக்காரன். மூணு மாசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பழகுனோம்.

ஒரே ஒரு விசயம் எனக்கு இடிச்சுது. தையில நடக்கற விழாவை ஆடிக்கு மாத்திட்டாங்க. பரணிக்கு தையில வெளிநாட்டுப் பயணமாம், கால்ஷீட் இல்லையாம். அப்புறம், ஆடியிலதான் காத்தாலை எல்லாம் சுத்துமாம், பின்னாடி வரிசையா சுத்தறது வீடியோல அழகா இருக்குமாம். கண்ணு, உனக்கு எந்த ஊரு? தஞ்சாவூரா? அப்ப உனக்கு இந்தக் காத்து தெரியாது. பாலக்காட்டுக் கணவாய்ல பூந்து நேரா இங்க வந்து அறையும். ஆடியில எங்க ஊர்ல துணி காயப்போட்டா ரெண்டு கிளிப் பத்தாது. அதனாலதானே இத்தனை காத்தாலையை இங்க கொண்டாந்து நட்டு வெச்சிருக்கான்? நான் தனபால்கிட்ட சொன்னேன், ஆடியில மேல கூரை கட்டாதேன்னு. "அதெல்லாம் இஞ்சினியர் பார்த்துக்குவாங்க கிளாடி"ன்னான். இவனே இஞ்சினியர்தான்.

விழாவுக்கு முந்துன நாள், கம்பெனிக்காரத் தம்பி ஒருத்தன் போன்ல கூப்பிட்டான். "மேடம், டைமிங் டைட்டா இருக்கு. உங்க ப்ரோகிராமை எடுத்துட்டோம். ஆனா நீங்க வந்துருங்க, மேடையில சால்வை போட்டு கௌரவிக்கறோம்." சால்வை! எனக்கு எதுக்குடா சால்வை? நான் என்ன செத்தா போயிட்டேன்? தனபாலுக்குப் போன் போட்டேன், எடுக்கல.

எங்க ஆளுக வரமாட்டேன்னுட்டாங்க. நான் போனேன். கோபத்துல போகல. வெள்ளி விழா, நான் இல்லாம எப்படி? கழுத்துல ஒரு அட்டையை மாட்டிவிட்டு வெள்ளைக் கூடாரத்துல உக்காருங்கன்னாங்க. சோபாவுல நான் உக்காருவனா? மேடைக்குப் பின்னாடி போய் நின்னுட்டேன்.

அங்க மயில்சாமி இருந்தான். முதல் வருசத்துல இருந்து கரண்ட்டு வேலை பார்க்கறவன், இப்ப ஜெனரேட்டர் வண்டிக்கு அவன்தான் ஆள். "ஏனுங்கக்கா, வாசிக்கலீங்களா?"ன்னான். "சால்வை போடறாங்களாம்டா"ன்னேன். அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு சிரிச்சான்.

பொழுது சாயுது. எங்களுக்குன்னு சொன்ன நேரம். பரணி மேடை ஏறுறான். முன்னாடி ஜனம், பாறை தெரியல, மண்ணு தெரியல, வெறும் தலை. காத்து மத்தியானத்துல இருந்தே நல்லா அடிச்சிட்டிருந்துச்சு. கூரைத் துணி படபடன்னு அடிக்குது. அந்தச் சத்தம் ஒரு தாளத்துக்கு நிக்காம எனக்கு எரிச்சலா இருந்துச்சு. நாப்பது வருசமா டிரம்ஸ் வாசிக்கறவளுக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் எண்ணத் தோணும். எண்ணிட்டே இருக்கேன். திடீர்னு துணி கம்முனு ஆயிடுச்சு.

காத்து நின்னுடுச்சுன்னு நெனச்சேன். என்ற சேலைத் தலைப்பு பறந்துட்டுத்தான் இருக்கு. துணி மட்டும் அடிக்கல. அண்ணாந்து பார்த்தேன். கூரை உப்பிக்கிட்டு நிக்குது, கப்பல் பாய் மாதிரி, முழுசா காத்தைக் குடிச்சிட்டு. கீழ பார்த்தேன். எனக்குப் பக்கத்துல இருந்த தூணோட அடிப்பலகை ஒரு விரக்கடை எந்திரிச்சு, மறுபடி உக்காந்துச்சு. டொக்குனு.

நான் பார்த்தேன். என்ற ரெண்டு கண்ணால பார்த்தேன். வேற யாரும் பார்க்கல.

ஓடுனேன். தனபால் மேடை ஓரத்துல பட்டுச் சட்டை போட்டுட்டு நிக்கறான். கையப் புடிச்சு இழுத்து, "தூண் எந்திரிக்குதுடா. நிறுத்து. கூரையை எறக்கச் சொல்லு"ன்னு கத்துனேன். அவன் கம்பெனித் தம்பியப் பார்த்தான். அந்தத் தம்பி போனைத் தேய்ச்சுப் பார்த்துட்டு, "போன்ல காத்து நார்மலாத்தான் காட்டுது மேடம்"ங்கறான். தலை மேல அடிக்குது காத்து, இவன் போன்ல பார்க்கறான்! நான் தனபாலை உலுக்கறேன். அவன் என்ற தோள்ல கை வெச்சு, மெதுவா, ரொம்பப் பாசமா சொன்னான்: "கிளாடி, உனக்குக் கோபம்னு எனக்குத் தெரியும். எனக்கும் வருத்தம்தான். ஆனா இன்னிக்கு வேணாம். பரணி வாசிக்கறப்ப வேணாம்."

அடிச்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன் கண்ணு.

நேரா மயில்சாமிகிட்ட போனேன். "ஆஃப் பண்ணு"ன்னேன். அவன் என்ற மூஞ்சியப் பார்த்தான், மேல கூரையப் பார்த்தான். "அக்கா, நான் போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்தர்றனுங்க"ன்னு சொல்லிட்டு நடந்து போயிட்டான். ஜெனரேட்டர்ல செவப்பா ஒரு பட்டன் இருக்கும், தேங்காய் மூடி அளவு. உள்ளங்கையில ஒரு அறை.

எல்லாம் நின்னுச்சு. லைட்டு, சத்தம், சுவரு, எல்லாம். ஒரு நொடி யாருக்கும் என்னன்னு புரியல. அப்புறம் கத்துனாங்க பாரு. அத்தனை ஆயிரம் பேரு ஒண்ணா கத்தி நான் கேட்டதில்ல. பாட்டில் பறக்குது. முன்னாடி இருந்தவங்க கம்பித் தடுப்பைப் போட்டு இடிக்கறாங்க. சத்தியமாச் சொல்றேன், நான் நெனச்சது, கரண்ட்டு நின்னா எல்லாரும் வீட்டுக்குப் போவாங்கன்னு. இருட்டுல எங்க போவாங்கன்னு நெனைக்கல.

அப்பத்தான் கேட்டுச்சு. நாதஸ்வரம்.

அதுக்குக் கரண்ட்டு வேண்டாமே. பரணி மேடையை விட்டு எறங்கி, கூட்டத்துக்குள்ள பூந்து, வாசிச்சிட்டே நடக்கறான். மைக் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தக் காத்துலயும் மைதானம் முழுக்கக் கேக்குது. கத்திட்டிருந்தவங்க ஒவ்வொருத்தரா வாயை மூடுனாங்க. அவன் நேரா அந்தக் கடைசிக்கு, கரட்டு அடிவாரத்துக்குப் போறான். ஜனம் பின்னாடியே போகுது, சாமி ஊர்வலம் மாதிரி. யாரோ போன் லைட்டைப் போட்டாங்க, அப்புறம் எல்லாரும் போட்டாங்க. கொஞ்ச நேரத்துல மேடைக்கு முன்னாடி ஒரு ஆள் இல்ல.

அது ராக் இல்ல. இப்பவும் சொல்றேன், அது ராக் இல்ல. ஆனா நான் ஜெனரேட்டர் வண்டித் தகரத்துல தாளம் போட்டுட்டு நின்னேன்னு மயில்சாமி சொல்றான். போட்டிருப்பேன். கை பழக்கம்.

அதுக்கப்புறம்தான் எடது பக்கத்து ஸ்பீக்கர் கோபுரம் சாஞ்சுது. விழல. சாஞ்சு, தடுப்புக் கம்பி மேல தலை வெச்சுப் படுத்துக்கிச்சு. அடியில யாரும் இல்ல.

இங்கதான் பிரச்சனையே. நான் காத்துல சாஞ்சுதுங்கறேன். கம்பெனி, இருட்டுல கோபப்பட்ட பசங்க ஏறி ஆட்டுனதால சாஞ்சுதுங்கறான். கேமரா பார்க்கலாம்னா, கேமராவும் கரண்ட்டுலதானே ஓடுது? நானே நிறுத்திட்டேன். ஜனத்தோட போன் அத்தனையும் அப்ப பரணி பக்கம் திரும்பியிருந்துச்சு. கூரை கடைசி வரைக்கும் விழல. அதான் நான் பண்ணுன குத்தம். விழுந்திருந்தா எனக்குச் சிலை வெச்சிருப்பான். விழாததால நான் பொறாமை புடிச்ச கெழவி. கம்பெனி எம்மேல கேஸ் போட்டுச்சு, சால்வைக்குப் பதிலா வழக்குன்னு பேப்பர்ல எழுதுனான். பரணியை அன்னிக்கு மேடையை விட்டு எறக்குனவளும் நான்தான்னு எவனோ தோண்டி எடுத்துட்டான். அப்புறம் கேக்கணுமா?

ஒரு பொண்ணுக்குக் கை ஒடஞ்சுது.

ஆமா. அதைச் சொல்லாம விடமாட்டேன். கவிநயான்னு பேரு, பொள்ளாச்சியில காலேஜ் படிக்குது. இருட்டுல தடுப்பு மேல விழுந்துட்டா. ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் போகச் சொல்லல. அவங்கம்மா என்னைப் பார்த்ததுமே எந்திரிச்சாங்க. "உங்களுக்கு ஒரு மகள் இருந்தா தெரியும்"னாங்க. கல்யாணம் ஏன் பண்ணலைன்னு கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொன்னவ நான். அவங்களுக்குச் சொல்ல வரல.

அந்தப் பொண்ணு கட்டுப் போட்ட கையை மடியில வெச்சுட்டு கேட்டா: "ஆன்ட்டி, தூண் நெசமா எந்திரிச்சுதா?"

"எந்திரிச்சுது கண்ணு."

"நான் அந்தத் தூணுக்கு நேர்லதான் நின்னேன். எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"நீ பாட்டுல இருந்திருப்பே. எப்படித் தெரியும்?"

அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். கையப் புடிச்சு, நல்லா இருக்கற கையப் புடிச்சு, கேட்டேன். அது எனக்கும் அவளுக்கும் உள்ள விசயம். கம்பெனிக்கு அதுல ஒண்ணும் இல்ல.

அந்த வாரமே தனபால் வீட்டுக்கு வரச் சொன்னான். போனா, அவன் கூடத்துல லைட்டு, கேமரா, அந்தப் போன் தம்பி. "மேடம், ரெண்டே வரி. மன வருத்தத்துல அப்படிப் பண்ணிட்டேன், ரசிகர்கள் மன்னிக்கணும். இவ்வளவுதான். கேஸை வாபஸ் வாங்கிடறோம்." தனபால் எனக்கு எதுக்க உக்காந்துட்டு சொல்றான், "கிளாடி, சொல்லிரு. அடுத்த வருசம் பெரிய மேடை, சாயந்திர நேரம், ஒரு மணி நேரம் முழுசா. நான் நிக்கறேன் உனக்கு. எங்கம்மா மேல சத்தியம்."

பொய் சொல்ல மாட்டேன், ஆசையா இருந்துச்சு. அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி ஒரே ஒருக்கா. புதுத் தோல் போட்ட செட்டு வீட்ல போர்வை போத்திக்கிட்டு கெடக்குது.

தம்பி கேமராவை ஓட விட்டான். நான் சேலையைச் சரி பண்ணிட்டு சொன்னேன்: "என்ற பேரு கிளாடிஸ். கரண்ட்டை நிறுத்துனது நான்தான். தூண் எந்திரிச்சுது, பார்த்தேன், நிறுத்துனேன். மறுபடி எந்திரிச்சா மறுபடி நிறுத்துவேன். யாரு வாசிச்சிட்டிருந்தாலும் நிறுத்துவேன். நானே வாசிச்சிட்டிருந்தாலும் நிறுத்துவேன்."

தம்பி கேமராவை மூடிட்டான். அந்தத் தம்பி வெளிய போனதும் தனபால், "எங்கிட்ட மட்டும் சொல்லு. யாருக்கும் சொல்ல மாட்டேன். பரணி மேல கோபமா, காத்தா?"ன்னு கேட்டான்.

இத்தனை வருசப் பழக்கம். எத்தனை ராத்திரி எங்க வீட்ல சோறு தின்னவன். கேக்கறான்.

"ரெண்டும் இருந்துச்சுன்னா காத்து பொய்யாயிருமாடா?"ன்னேன். எந்திரிச்சு வந்துட்டேன். அதோட பேச்சு இல்ல. கேஸை அவனே வாபஸ் வாங்கிட்டான்னு பின்னாடி கேள்விப்பட்டேன். நான் கேக்கல. மயில்சாமிக்கு இந்த வருசம் வேலை குடுக்கல. அவன் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டான், அவனுக்குத் தெரியும் என்னை. உடுமலையில பம்புசெட் ரிப்பேர் பார்க்கறான். எப்பவாவது போன் எடுப்பான்.

இதான் கண்ணு கதை. இனி நீ என்ன வேணாலும் நெனைச்சுக்க. வீடியோவுக்குக் கீழ திட்டி எழுதுன அத்தனை பேருல நீயும்...

என்ன சொன்னே?

நிறுத்துனாங்களா? எப்ப, நேத்தா? யாரு வாசிச்சிட்டிருந்தப்ப? பரணியா? பாதிப் பாட்டுலயா?

மேடைத் தூண் மேல சின்னதா ஒரு காத்தாடி சுத்திட்டிருந்துச்சா? அது காத்தை அளக்கறது கண்ணு. அளந்து, இவ்வளவுக்கு மேல போனா நிறுத்துன்னு சொல்றது. வெச்சிருக்கானுகளா! கூரையைக் கீழ எறக்குனாங்களா? நெசமாவா? லைட்டு எரிஞ்சுதா, நடந்து போறதுக்கு வழி தெரிஞ்சுதா? யாரும் விழலையே? உனக்கு ஒண்ணும் ஆகலையே?

மைக்ல யாரு சொன்னா? தனபாலா? வெள்ளைத் தலை, தொப்பை, பட்டுச் சட்டை? அவனேதான். என்ன சொன்னான்? "எல்லாரும் பத்திரமா கரட்டுப் பக்கம் நகருங்க, காத்து அடங்குனதும் ஆரம்பிக்கறோம்." அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லல? யாரு பேரும் சொல்லல?

சொல்ல வேண்டாம். எவன் கேட்டான்?

கத்துனாங்களா ஜனங்க? இல்லையா? உக்காந்து வேர்க்கடலை தின்னுட்டிருந்தீங்களா! பாரு. போன வருசம் என்னைத் திட்டுன அதே ஜனம். எவ்வளவு நேரம் நிறுத்தி வெச்சான்?

முக்கா மணி நேரமா?

கூரையை எறக்கிட்டான்ல, அப்புறம் என்ன? மேல துணி இல்லாம வாசிக்க வேண்டியதுதானே? நாங்க டிரெய்லர்ல வாசிக்கலையா? முக்கா மணி நேரம் ஜனத்தைக் காக்க வெக்கறதா? நானா இருந்தா அதுல பாதி நேரத்துல மறுபடி ஆரம்பிச்சிருப்பேன்.